முதலாவதா, இரண்டாவதா

கைபேசி சொன்ன வழிக்கு
இருபத்தாறு நிமிடம்.
மயூர்னாவில் என் வீட்டு வாசலில் புறப்பட்டு
கோத்தன்பர்க்கின் ஆற்றைப் பாலத்தில் கடந்து
அக்கரைக் கண்ணாடிக் கடையில் முடியும்
ஒரு நீலக் கோடு,
வாழ்க்கையில் வழி தவறியிராத ஒருவர்
கையை நீட்டிக் காட்டியதைப் போல.

அதற்கு டிராம் தண்டவாளங்களைத் தெரியாது.
மூன்றாம் நாள் மழையில்,
யார்ன்தோர்யெட் சதுக்கத்தில்,
முன்சக்கரம் இரும்புப் பள்ளத்துக்குள் இறங்கியது.
சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை.
பின்னால் வந்த டிராம் மணியடித்து நின்றது.
ஓட்டுநர் இறங்கி வந்து
என் முழங்காலுக்கு முன் டயரைப் பார்த்தார்.
"செங்கோணத்தில் கடக்கணும்," என்றார்.
"சாய்வாக வந்தால் கவ்விவிடும்."
ஐம்பது அறுபது பேர் ஜன்னல் வழியே
என் வழியை மதிப்பிட்டார்கள்.

என் தொழில் கண் பரிசோதனை.
நாள் முழுக்க வில்லைகளை மாற்றி மாற்றிக் கேட்கிறேன்:
முதலாவதா? இரண்டாவதா?
இப்போது? சரி, இப்போது?
பலருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்,
தப்பான விடை சொல்லிவிடுவோமோ என்று.
இரண்டும் ஒரேபோல இருக்கிறதே என்று தயங்குபவரிடம்
சொல்வேன்: நல்லது, கிட்டே வந்துவிட்டோம்.

அப்படித்தான் ஊரையும் மாற்றிப் பார்த்தேன்.

கப்பல்துறை ஓரம் சமதளம்.
ஆனால் மேற்குக் காற்று எழும் மாலைகளில்
மிதிக்க மிதிக்க அதே விளக்குக் கம்பம்.
பள்ளிக்கூடத் தெரு எட்டு மணிவரை சொர்க்கம்;
எட்டு ஐந்துக்கு
எல்லாக் கார்களும் ஒருசேரக் கதவைத் திறக்கும்.
தோட்டக் குடில்களுக்கு நடுவே ஒரு மண்பாதை,
இருபுறமும் ஆப்பிள், யாரோ காயப்போட்ட கையுறைகள்.
இதுதான், இதேதான் என்று ஒரு கோடை முழுக்கப் போனேன்,
அக்டோபரில் கேட்டுக்குப் பூட்டு விழும்வரை.
"குளிர்காலத்தில் தோட்டம் தூங்கணும்,"
என்றாள் சாவி வைத்திருந்த ஹில்லெவி.
வாதாடிப் பார்த்தேன்.
தோட்டம் தூங்கியது.

ரசீதுகளின் பின்பக்கம் எழுதிவைத்தேன்:
இந்தச் சிவப்பு விளக்கு நாற்பது விநாடி.
அந்த மேட்டில் இரண்டாம் கியர், கோபப்படாமல்.
பேக்கரி மூலையில் ஏழு முப்பத்தெட்டுக்கு
வேன் பின்னால் வரும், பார்க்காமல் வரும்.
முதல் பனிக்கு நகராட்சி
எந்தத் தெருவில் முதலில் சரளை போடுகிறது.
எந்தத் தெருவை மறந்தேவிடுகிறது.

படகை மட்டும் எழுதவில்லை.
பாலத்தின் ஏற்றத்தை எத்தனையோ விதமாகச் சுற்றிய எனக்கு
காசு வாங்காத ஒரு படகு
கண்ணெதிரே போய்வந்துகொண்டிருந்தது.
நனைந்த சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்க
யாரும் யாரையும் முந்த முடியாத
சில நிமிடங்கள்.
சங்கிலியை மாட்டும் நெர்மின்
தூரத்தில் என் விளக்கைக் கண்டுவிட்டு
கயிறு சிக்கியதுபோல் பாவனை செய்த நாளும் உண்டு.
செய்யாத நாளும் உண்டு. அன்றெல்லாம்
வாத்துகளோடு நின்று அது போவதைப் பார்த்தேன்.

இப்போது முப்பத்தொரு நிமிடம்.
நீலக் கோட்டைவிட ஐந்து கூடுதல்.
அந்த ஐந்தும் எங்கெங்கே இருக்கின்றன என்று
என்னால் விரல்வைத்துக் காட்ட முடியும்.

மார்ச்சில் கடையில் சேர்ந்த ஷிலான்
எனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள்.
வழி கேட்டாள். வரைந்து கொடுத்தேன்,
கொஞ்சம் பெருமையாக, வேனின் நேரம் உட்பட.
மறுநாள் என் படகுக்கு முந்தைய படகில் வந்திறங்கினாள்.
"டயர் கடைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டேன்."
"அது படிக்கட்டாயிற்றே."
"ஓரத்தில் குழந்தை வண்டிக்குச் சரிவு இருக்கிறதே,
பார்த்ததில்லையா?"

இரண்டு வருடம்.
அடுத்தவரை உட்காரவைத்து
ஒரு கண்ணை மூடச் சொன்னேன்.

மாலை, டயர் கடை முனையில்
ஒரு காலை ஊன்றி நின்றேன்.
மேலே படிகள், அவற்றின் ஓரமாக
ஈரத்தில் மின்னும் இரண்டு சிமெண்ட் பட்டைகள்.
இடப்புறம் எனக்குத் தெரிந்த தெரு.
தூறல் வேறு தொடங்கியிருந்தது.
பின்னால் யாரோ மணியடித்தார்கள்,
ஒருமுறை, பிறகு
இன்னும் கொஞ்சம் நீளமாக.