ஓட்டை விட்ட பந்தல்

குருசுக்குப்பத்தில் ஒரு மொட்டைமாடி.
கீற்றை நெருக்கிப் போட்டேன், தொழில் பழக்கம்.
யாயேல் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுப்
பிரிக்கச் சொன்னார்:
"நட்சத்திரம் தெரியணும், வேதகிரி."
காசு கொடுத்து ஓட்டை கேட்ட முதல் ஆள்.

முதல் ராத்திரி அவர்கள் ஐந்து பேர்.
கடைசி ராத்திரி
கீழ்வீட்டு மெக்கானிக் அந்துவான்,
அவன் மச்சினிச்சி, அவளுடைய மூன்று வாண்டுகள்,
ஓரமாய் நானும்.
மழை நேராகச் சூப்பில் விழுந்தது.
மழை வந்தால் எழுந்துவிடலாமாம், சட்டமே உண்டாம்.
எழுந்தவர் இல்லை.

பிரிக்கப் போன அன்று
கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன்.
பண்டிகைக்கு வைத்திருந்த நார்த்தங்காயில்
தரையில் உட்கார்ந்து
கிராம்பு குத்திக்கொண்டிருந்தார் அந்தம்மா.
"காஞ்சாலும் மணம் போகாது.
சனிக்கிழமை முடியறப்போ
எல்லாரும் மோந்து பார்ப்போம்.
இந்தாங்க, இந்த அஞ்சு உங்க கையால."

மறுநாள் அரியாங்குப்பத்தில் காதுகுத்து.
கயிற்றை அவிழ்த்தேன், கிராம்பு வாடை.

"என்னய்யா, நடுவுல ஒரு கீத்து குறையுதே?"
வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார்.
அண்ணாந்து பார்த்தேன். வெறும் நீலம்.
"ராத்திரி சாப்பாட்டுக்கு
இதுக்குக் கீழ பாயைப் போடுங்க" என்றேன்.