ஒற்றைச் செங்கல்

புதுவயலில் நெல் அவிக்கும் வாடை
எங்கள் லைன் வீடுகளுக்குச் சேர்ந்தே வரும்,
காயும் துணியில் உமிச்சாம்பலும்.
எனக்கும் தேனம்மைக்கும் நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.
அவள் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல்.

போதகர் தந்த கைப்பிரதிகள் நாற்பது.
முப்பத்தொன்பது இன்னும் பையில்,
ரேஷன் அட்டையோடு மடங்கிக் கிடக்கின்றன.
ஒன்றைக் காரைக்குடி பஸ்ஸில்
பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு
அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன்.
அதைச் சாட்சி என்று கணக்கில் வைத்தேன்.

தம்பி வீட்டில்
இலை போடும்போதே ஆரம்பித்தேன்.
"அக்கா, ரசம் ஆறுது" என்றான்.

நேற்று தண்ணீர் லாரிக்கு நிற்கையில்
தேனம்மை குடத்தைக் கீழே வைத்தாள்.
"எப்சிபா, நேராவே கேக்குறேன்.
விடியக்காலம் நாலரைக்கு
எம்பேரச் சொல்லி முணுமுணுக்கிறியே,
செய்வினையா வைக்கிற?
மூணு மாசமாக் கேக்குது.
கொப்புடையம்மன் கோயில்ல
கயிறுகூடக் கட்டிக்கிட்டேன்."
மணிக்கட்டைக் காட்டினாள். கறுப்புக் கயிறு.

சிரிப்பும் வந்தது, அடிவயிறும் கலங்கியது.
பதினோரு வருஷம் உருப்போட்ட பேச்சு:
பாவம், சிலுவை, மூன்றாம் நாள்,
நான் மாறிய அந்தப் பங்குனி ராத்திரி.
ஒரு சொல்கூட நாக்கில் ஏறவில்லை.
"உன் தைராய்டுக்கு" என்றேன்.
"அப்புறம் உம்மகனுக்கு.
சிங்கப்பூர்ல வேலை போச்சுன்னு அழுதியே,
அதுவும் சுவர் வழியாத்தான் கேட்டுச்சு.
ஆண்டவர்கிட்டச் சொன்னேன்."

லாரி வந்துவிட்டது. தள்ளுமுள்ளு.
முந்தியவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு
என் குடத்தை முதலில் வைத்தாள்.
அது நிரம்பும்வரை ஒன்றும் பேசவில்லை.
"தினமுமா?"
"தினமும்."
"வேண்டுதல் காசு எதுவும்?"
"இல்ல."
மீட்டரைக் குறைத்துச் சொன்ன ஆட்டோக்காரனைப் போல
என்னைப் பார்த்தாள்.

இன்று நாலேகால்.
சுவரில் தட்டும் சத்தம்,
கரண்டிக் காம்பாக இருக்கும்.
"முழிச்சிட்டியா?
எங்க நாத்தனா கோட்டையூர்ல. சீதையம்மை.
ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல.
கர்ப்பப்பையில கட்டியாம்.
நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத,
அவரத் தவிர.
அவளையும் சேத்துக்க."

கயிறு இன்னும் அவள் கையில்தான் இருக்கும்.
நான் கேட்கவில்லை.
வழக்கமாய்க் கிழக்கே பார்த்து முழங்கால் போடுகிறவள்
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
சீதையம்மை, கோட்டையூர்.
கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.
அந்தப் பக்கம்
ஸ்டவ் இன்னும் பற்றவில்லை.