சான்றுப்பொருள் எண் பதினான்கு

பதினோரு வருஷமாக என் பொறுப்பில் இருக்கிறாள் மாதா.
கண்ணாடியின் முதுகில் வரைந்த படம்,
இரண்டு சாண் உயரம், வலது மூலையில் கீறல்,
பின்பலகையில் உளுத்த துளைகள் ஒன்பது.
பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
அழுகிறாள் என்று எழுதவில்லை.
அதற்கு அங்கே பத்தி இல்லை.

அலமாரியில் அவளுக்கு இந்தப் பக்கம்
வரி கட்டாத பிளம் சாராயம், ஆறு கேன்.
அந்தப் பக்கம்
கல்யாண வீட்டில் ஒருவன் மண்டையை உடைத்த அக்கார்டியன்.
மழைக்காலத்தில் அது தானாக ஒரு மூச்சு விடும்.

சவேத்தா ஹோடோர் வீட்டில்
இருபத்தெட்டு வருஷம் கேட்பாரற்றுத் தொங்கினாள்,
அடுப்புச் சுவரின் வெடிப்பை மறைத்துக்கொண்டு.
சந்தையில் ஒரு கன்றுக்குட்டியைக் கொடுத்து வாங்கியதாம்.
கன்றுக்குக் கழிச்சல் இருந்ததை
விற்றவனிடம் சொல்லவில்லையாம்.
"அதற்கும் சேர்த்துத்தான் அழுகிறாளோ என்னவோ"
என்றாள் குறுக்கு விசாரணையில்.
நீதிபதி சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

தவக்காலத்து மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை,
இடது கண்ணிலிருந்து இறங்கியது.
புதன்கிழமை பக்கத்து வீடு.
வியாழக்கிழமை ஊர்.
ஞாயிற்றுக்கிழமை, மாராமுரேஷின் மலைச்சாலை நெடுக
பேருந்துகள்.

பிறகு ஆளாளுக்குச் சொந்தம்.
ஆண்டவர் தொட்டதை அடுப்படியில் வைப்பதா
என்றார் அங்கிதிம் பாதிரியார்.
மலைக்கு அந்தப்புறத்து ஊரார்
வரைந்தவன் எங்கள் ஆள் என்றார்கள்:
முகத்தைப் பாருங்கள், எங்கள் பெண்களின் மூக்கு.
மூக்கை அளக்க ஒரு பேராசிரியர் வந்து
படிக்காசு வாங்கிக்கொண்டு போனார்.
மாவட்ட அருங்காட்சியகம் சட்டப்பிரிவு காட்டியது.
ஸ்பெயினில் தக்காளி பறிக்கும் முன்னாள் மருமகன்
பாதி தன் பங்கு என்று தபாலில் மனுப் போட்டான்.
எந்தப் பாதி என்று எழுதியிருக்கவில்லை.

குளிர்ந்த சுவர், சமையல் ஆவி என்றார் நிபுணர்.
அற்புதமா இல்லையா என்பதல்ல வழக்கு,
யாருடையது என்பதே வழக்கு என்றது நீதிமன்றம்.
வாய்தா. வாய்தா. வாய்தா.
இரண்டு நீதிபதிகள் ஓய்வு பெற்றார்கள்.
ஒரு வக்கீலுக்குப் பேரன் பிறந்தான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும்
காலை முதல் பேருந்தில் வந்துவிடுவாள் சவேத்தா.
என் சன்னலில் முழங்கையை ஊன்றி
"தூசி தட்டினாயா?" என்பாள்.
வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன குளிர்காலத்தில் நான்தான் கேட்டேன்,
அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?

ஒன்றுமில்லை.
துணி துவைத்தேன். முட்டைக்கோஸ் வேகவைத்தேன்.
மத்தியானம் போன் அடித்தது.
மித்ரு இருக்கிறாரா என்று யாரோ கேட்டார்கள்.
வேறு மித்ருவாக இருக்கும், தப்பான எண்.
என் மித்ருவைப் புதைத்து ஆறு வருஷம்.
வயலுக்குப் போயிருக்கிறார்,
சாயங்காலம் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டேன்.
திரும்பினால்
அவள் முகம் நனைந்திருந்தது.

இதைக் கோர்ட்டில் சொன்னீர்களா?

யாரும் கேட்கவில்லையே.

அடுத்த வியாழக்கிழமை தீர்ப்பு.
யார் பக்கம் சாய்ந்தாலும்
இந்த அலமாரியில் இரண்டு சாண் இடம் காலியாகும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.
ஜனவரியில் ஒரு நாள், அடுப்பே இல்லாத இந்த அறையில்
அவளுக்குக் கீழிருந்த பதிவேடு ஈரமாக இருந்தது.
கூரையைப் பார்த்தேன். ஒழுகவில்லை.
கேன்களைப் பார்த்தேன்.
ஒன்றில் நான்கு விரல் குறைந்திருந்தது,
அது இரவுக் காவலாளி, எனக்குத் தெரியும்.
அக்கார்டியன் சும்மா இருந்தது.

கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன்.
துவைக்கவில்லை.
கைக்குட்டை என்னுடையது,
கடை ரசீதுகூட இருக்கிறது.
ஈரத்துக்கு
இதுவரை யாரும் உரிமை கோரவில்லை.