இருபத்திரண்டு

சேரம்பாடியில் மூன்றாவது நாளாக மழை.
பள்ளிக்கூடம் இருக்க வேண்டிய இடத்தில் மூட்டம் இருக்கிறது.
மணிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான்
மேட்டில் ஏறினோம்.

பழைய பஸ் பாஸே செல்லும் என்றார்கள்.
அதில் ஆறாம் வகுப்பில் எடுத்த படம்,
ரெட்டைச் சடை, முன்பல்லில் சந்து.
கண்டக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"தங்கச்சி பாஸா?"

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
கண்ணாடி போன ஜன்னலுக்கு
பிளெக்ஸை மடித்து ஆணி அடித்திருக்கிறார்கள்.
யாரோ ஒரு வேட்பாளர்
தலைகீழாக எங்களைக் கும்பிடுகிறார்.
என் மேசையில் காம்பஸ் முனையால் கீறிய பாதி இதயம்.
மீதிக்குள் பெல் அடித்திருக்க வேண்டும்.

புத்தகங்கள் வந்துவிட்டன, அறிவியல் மட்டும் வரவில்லை.
அறிவியல் டீச்சரும் வரவில்லை.
"ரெண்டும் ஒரே லாரியில வரும்" என்றாள் ரம்லத்.
சிரிக்க யாருக்கும் நேரமில்லை,
கணக்குப் புத்தகத்தை முகர்ந்துகொண்டிருந்தோம்.
உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதவரை
நல்ல வாசனை.

கணக்குக்குப் புதியவர். சாத்தையா சார், பரமக்குடிப் பக்கம்.
ஈரச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர்,
ஸ்வெட்டரில் விலைச்சீட்டு கட்டிய நூல் இன்னும் தொங்குகிறது.
"இந்த மழை எப்ப விடும்?"
எங்களைத்தான் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.
"செப்டம்பர், சார்."
கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஈரத்தில் சாக்பீஸ் எழுதவில்லை.
தேதியை அழுத்தி எழுதினார்.

பிறகு வருகைப்பதிவு. இன்றைக்கு எண்கள் போதும் என்றார்.
இருபது, உள்ளேன் ஐயா.
இருபத்தொன்று, உள்ளேன் ஐயா.
இருபத்திரண்டு.

இருபத்திரண்டு?

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.
அது விஜிதாவின் எண்.
ஆறாம் வகுப்பிலிருந்து அவள் இருபத்திரண்டு, நான் இருபத்துமூன்று.
அவள் 'உள்ளேன்' முடிகிற இடத்தில் என்னுடையது தொடங்கும்.
பரீட்சை ஹாலில் நான் அதிகம் படித்தது
அவள் ரிப்பனைத்தான்.

"யோகமலர் யாரு?"
எழுந்தேன்.
ஒருத்தி போனால் கீழே இருக்கிறவர்கள் எல்லாரும்
ஒரு படி மேலே ஏறுகிறோம்.
ஏறியது மாதிரி இல்லை.

அவள் அப்பா மே மாதக் கடைசியில் லைன் வீட்டைப் பூட்டி
சாவியை ஆபீஸில் கொடுத்தார்.
கட்டிலும் கோழிக்கூடும் பிக்கப் வண்டியில் போயின,
கோழிகள் இங்கேயே, எங்கள் வீட்டில்.
திருப்பூரில் மொட்டைமாடி இருக்கிறதாம்,
துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறதாம்.
போனில் இதை மூன்று தடவை சொன்னாள்.
நானும் மூன்று தடவை "அப்படியா" என்றேன்.

என் ரஃப் நோட்டு அம்மா தைத்தது,
போன வருஷ நோட்டுகளின் எழுதாத தாள்களை உருவி.
நடுவில் ஒரு தாளில் மட்டும்
அவள் கையெழுத்து தப்பி வந்திருக்கிறது:
'தூங்கிட்டேன். சார் என்ன சொன்னாரு?'
அதற்குக் கீழே
இந்த வருஷத்தின் முதல் கணக்கைப் போட்டேன்.
விடை தப்பு.

கடைசி பீரியடில் சாத்தையா சார்
நாற்காலியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றார்.
சாக்ஸுக்கு மேலே அட்டை,
குடித்துக் குடித்துத் திராட்சை அளவுக்கு.
"பிடுங்காதீங்க சார்!"
மொத்த வகுப்பும் சேர்ந்து சொன்ன
முதல் சரியான பதில்.

என் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது,
மதியம் மாங்காய்க்குத் தொட.
பழக்கத்தில்
இரண்டு பேருக்கு மடித்திருந்தேன்.
பாதிக்கு மேல் அப்படியே மீதி.

எழுந்து போய் நீட்டினேன்.
"உப்புதான் சார்.
கொஞ்சம் மிளகாய்த்தூளும் இருக்கு.
எரியும்."