வீட்டுப் பதிப்பு

புந்தா அரேனாஸ், செப்டம்பர்.
காற்று ஆளைத் தூக்குகிற நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டே வந்தவர்களில் ஒருத்தி
கடைக்குள் நுழைந்த பிறகும் கொஞ்ச நேரம்
விரல்களைப் பிரிக்கவில்லை.

எதுவினா பார்ரியா.
மூன்று நண்டுப் படகுகளின் கணக்கு அவளிடம்.
யார் எத்தனை நாள் கடலில்,
யாருக்கு எவ்வளவு முன்பணம்,
எவன் பாதியில் இறங்கிப் போனான்,
எல்லாம் சமையலறை மேசையில்,
ரொட்டிக் கூடைக்கு இந்தப் பக்கம்.

பழைய கணினி ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிவிட்டது.
புதிது வாங்கியாயிற்று.
என் கடையில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவுமில்லை.
இப்போது அதற்கு ஓர் இயங்குதளம் வேண்டும்.

அலமாரியில் மூன்று பெட்டிகள்.
வீட்டுப் பதிப்பு. தொழில் பதிப்பு.
எல்லாம் உள்ள பதிப்பு என்று இன்னொன்று;
நான்கு வருடத்தில் அதை வாங்கியவர் ஒரே ஒருவர்,
பல் மருத்துவர்.

"நான் தொழில் பார்ப்பதே வீட்டில்தான்," என்றாள்.
"அப்படியானால் எது?"

பதினொரு வருடமாக இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறேன்.
தர்கோ என்று சட்டையிலேயே எழுதியிருக்கிறது.
பெட்டியின் முதுகில் உள்ள கட்டங்களைத்
தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன்.
விரலை வைத்துக் காட்டினேன்:
இங்கே டிக், இங்கே டிக், இங்கே வெறும் கோடு.
வட்டுக்குப் பூட்டு. தொழிலுக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை.
தூரத்திலிருந்து இன்னொருவர் உள்ளே வந்து
உங்கள் திரையை நடத்துவது,
அதுவும் தொழிலுக்குத்தான்.

"வீட்டுக்குள் யாரும் வர முடியாதா?"
"தூரத்திலிருந்து முடியாது."
"பூட்டும் கிடையாது."
"கிடையாது."
"யார் வைத்த பெயர் இது?"

பெயர் வைப்பவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.

மகள் யாஸ்னா வடக்கே அந்தோஃபகாஸ்தாவில்,
சுரங்கக் கம்பெனியில்.
போனில் சொல்லியிருந்தாளாம்:
நான் நுழையக்கூடியதாகப் பார்த்து வாங்கு அம்மா,
நீ எதைத் தொலைத்தாலும் இங்கிருந்தே எடுத்துத் தருகிறேன்.

எதுவினா இரண்டு பெட்டிகளையும்
கைக்கு ஒன்றாகத் தூக்கி நிறுத்துப் பார்த்தாள்.
உள்ளே இருப்பது ஒரே வட்டு.
எந்தக் கதவு திறக்கும் என்பதை
ஒட்டியிருக்கும் எண்தான் தீர்மானிக்கிறது.
அதை நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
விலை வித்தியாசம் ஒரு ஜோடி நல்ல பூட்ஸ்.

"வேண்டுமானால் அவள் நேரில் வரட்டும்."
வீட்டுப் பதிப்பை மேசைமேல் வைத்தாள்.
மூன்று வருடமாக வரவில்லை என்பதைச்
சில்லறை எண்ணும்போது சொன்னாள்,
என்னிடமா சில்லறையிடமா தெரியவில்லை.

நவம்பரில் மறுபடி வந்தாள். காற்று இன்னும் மோசம்.

சம்பளப் பக்கம் முழுதாகக் காணாமல் போயிருக்கிறது.
இரண்டு மணி நேரம் போனில்
இடது பக்கம் என்ன தெரிகிறது, அதற்குக் கீழே,
இல்லை அம்மா, அதற்கும் கீழே, என்று மகள் கேட்கக் கேட்க
இவள் திரையை வாயால் வரைந்துகொண்டிருந்தாளாம்.
கடைசியில் கிடைத்தது.
கிடைத்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லையாம்,
விடியப்போகும்வரை.

அதைச் சொல்லிவிட்டு
"ஆனாலும் மற்றதைக் கொடு," என்றாள்.
"அவளுக்குக் காலையில் வேலை இருக்கிறது."

மாறுவதற்குப் பெட்டி வேண்டாம்.
ஐந்து ஐந்தாக இருபத்தைந்து எழுத்து போதும்.
விற்பதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
வீட்டிலிருந்து தொழிலுக்கு நின்ற இடத்திலேயே போகலாம்.
திரும்பி வருவதென்றால்
எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து.

தலையசைத்தாள்.
அச்சுப்பொறியில் மை தீர்ந்திருந்ததால்
ரசீதின் பின்னால் கையால் எழுதிக் கொடுத்தேன்.

வெளியே போனவள், ஒரு கையில் கயிறு,
மறு கையில் காகிதம் படபடக்க,
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்:
"நாலாவது வரிசையில், இது எட்டா, பி-யா?"

என் கையெழுத்துதான்.
போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.