பதினேழாம் வளைவு

அக்டோபரில் பனி உருகி ஓடிய பிறகு
என்னை மேலே அனுப்புவார்கள்.
மஞ்சள் பெயின்ட் இரண்டு டப்பா,
முடி கொட்டிய தூரிகை, ஒரு நூல்கண்டு.
குளிர்காலம் தின்றுபோன எண்களை
வளைவுக்கு வளைவு திரும்ப எழுத வேண்டும்.
கீழே சாந்தியாகோ
புகைக்குள் முகம் பொத்திக் கிடக்கும்.

இந்தப் பாதையை ஓர் எஞ்சினியர் போட்டதாகக்
கல்வெட்டு சொல்கிறது.
கோவேறு கழுதைகள் போட்டது என்பது
அதன் நடையைப் பார்த்தாலே தெரியும்:
மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் திரும்புகிறது.
நகரத்துப் பணக்காரர்களின் சர்பத்துக்காக
வைக்கோலில் சுற்றிய பனிக்கட்டியைச் சுமந்து
இரவில் இறங்கிய கழுதைகள்.
விடியும்போது பாதிச் சுமை சொட்டிப்போயிருக்கும்;
கூலியிலும் பாதி.

பிறகு செம்புக் கம்பெனி வந்தது, வெடிமருந்து வந்தது.
தெற்கிலிருந்து வந்த ஆட்களுக்கு
மீட்டர் கணக்கில் சம்பளம்.
அந்த நோட்டை டிப்போ அலமாரியில் பார்த்திருக்கிறேன்.
பெயர், மீட்டர், பேசோ.
சில வரிகளில் மீட்டர் பாதியில் நிற்கும்.
ஏன் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

செம்பு தீர்ந்தது.
அப்புறம்தான் காலில் பலகை கட்டிய சீமான்கள்
பனியில் சறுக்க வந்தார்கள்.
பாதை ஒல்லி, கார்கள் குண்டு.
ஆகவே சட்டம்: சனி ஞாயிறுகளில்
முற்பகல் ஏற மட்டும், பிற்பகல் இறங்க மட்டும்.
மேடா பள்ளமா என்பதைக் கடிகாரம் சொன்னது.

பால்தோமேரோ ரொட்டி வண்டிக்காரர்.
ஒரு சனிக்கிழமை காலை
ரொட்டி ஆறிவிட்டதென்று
விடுதியில் திருப்பிவிட்டார்கள்.
சாப்பாட்டு மணிக்குள் சூடாக வேறு வேண்டும்.
ஏறும் வேளையில் இறங்கினார்.
பதினேழாம் வளைவில்
ஒரு ஷெவர்லே ஏறி வந்தது, சட்டப்படி.
மூன்று நாள் குருவிகளுக்கு விருந்து.

சாலையில் செத்தவர்களுக்கு இங்கே செய்வதுபோல
அந்த இடத்தில் ஒந்தினா ஒரு தகர வீடு வைத்தாள்,
நாய்க்கூண்டு அளவு.
உள்ளே மெழுகுவர்த்தி, அவர் தொப்பி,
தன் கொண்டையிலிருந்து கழற்றிய ஊசி ஒன்று.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்
சேறும் பாறையுமாக மலை இறங்கி
ஒன்பதாம் வளைவை அள்ளிக்கொண்டு போனது.
அங்கே நேராக வெட்டிப் பாதை போட்டார்கள்.
நாற்பது, முப்பத்தொன்பதானது.
பத்து ஒன்பதாக, பதினொன்று பத்தாக,
எல்லாவற்றையும் ஒரு படி இறக்கினேன்.
உத்தரவு. நல்ல பையன் நான்.

அந்த ஞாயிறு ஒந்தினா பஸ்ஸை விட்டு இறங்கி
எண்ணைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"பதினாறில் எங்களுக்கு யாரும் சாகவில்லை."
ஃபைல், வரைபடம், அலுவலகம் என்று
ஏதேதோ சொன்னேன்.
கொண்டுவந்த பாட்டில் தண்ணீரால்
தகரக் கூரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் தீர்ந்ததும் பஸ்ஸுக்குக் காத்து நின்றாள்.
பிற்பகல் வரை வராது. தெரிந்தும் நின்றாள்.

ஓர் ஆறை மூடி ஏழு எழுத
எவ்வளவு பெயின்ட் ஆகிவிடும்?

அடுத்த வளைவும் பதினேழுதான்.
அதை மாற்றினால் உச்சிவரை மாற்ற வேண்டும்;
டப்பாவில் அவ்வளவு இல்லை.
ஆகவே இந்த மலையில் பதினாறு கிடையாது,
பதினேழு இரண்டு.
சைக்கிள்காரர்கள் மூச்சிரைக்கச் சண்டைக்கு வருகிறார்கள்:
இப்போதுதானே பதினேழைத் தாண்டினோம்?
சில சமயம் அப்படித்தான் ஆகும், என்கிறேன்.
மேலதிகாரி ஒருமுறை ஜீப்பில் போனார்,
வாய் திறந்து தூங்கியபடி.

இன்று ஞாயிறு, முற்பகல்.
பஸ் ஏறி வருகிறது.
ஓட்டுநர் பலகையைப் பார்ப்பதில்லை.
பிரேக்கை மிதித்து,
கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து,
"பதினேழு" என்கிறார்.
முதல் பதினேழு.
ஒருத்தி இறங்குகிறாள்.
கையில் தண்ணீர் பாட்டில்,
கக்கத்தில் பேப்பரில் சுற்றிய ரொட்டி,
ஆவி போகாமல் இறுக்கி.