எடைமேடைக்காரன் கடலுக்குப் போனது

புயல் சின்னம் என்று
புதுச்சேரிக்காரன் போன் செய்தான்.
படகு போகாது, முன்பணம் திரும்பாது,
தை பிறக்கட்டும், வாருங்கள்.

மூன்று பேருக்கும் லீவு எழுதியாயிற்று.
இம்தியாஸ் வாங்கிய தூண்டில் சூரை மீனுக்கானது,
முப்பது கிலோ தாங்கும் நரம்பு,
டீஸ்பூன் மாதிரி மினுங்கும் ஒரு பொய் மீன்.
என் சட்டைப் பையில்
வாந்தி மாத்திரை ஒரு அட்டை.

ஏரியூர் பஸ் ஏறி நாகமரையில் இறங்கினோம்.
தர்மபுரிக்கு இதுதான் கடல்.
மேட்டூர்ச் சுவரில் முட்டிய காவிரி
திரும்பி வந்து படுத்துக்கொள்கிற இடம்.

மாதப்பன் பரிசலை முதுகில் கவிழ்த்தபடி வந்தார்.
தூண்டிலை வாங்கிப் பார்த்தார்.
"இதுல மீனு வராதுங்க.
அணைக்கட்டு மதகு வேணா வரும்."
ஆளுக்கு இருநூறு.
துடுப்பைத் தொடக்கூடாது.
நடுத்தண்ணீரில் எழுந்து நின்றால்
அவர் குதித்துவிடுவார், நாங்கள் எங்கள் பாடு.

விடியவில்லை.
கரையில் பெட்டிக்கடை பல்பு
கடுகாகி, அப்புறம் இல்லை.
பனியில் நாலு பக்கமும் ஒரே பக்கம்.
பாடிக்கொண்டே வந்த ஜோதிலிங்கம்
எந்த வரியில் நிறுத்தினான் என்று கவனிக்கவில்லை.
கல் கட்டிய கயிற்றை விட்டு
ஆழம் பார்த்தார் மாதப்பன்.
முழம் முழமாய் அது போய்க்கொண்டே இருந்தது,
பாதியில் நான் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

எனக்கு வேலை எடைமேடையில்.
சேலம் பைபாஸ், ராத்திரி ஷிப்ட்.
லாரி ஏறும்போது மேடை முனகுவதை வைத்தே சொல்லிவிடுவேன்
புளியா, கருங்கல்லா, பொய்க் கணக்கா என்று.
இங்கே ஒற்றை நரம்பு, என் ஒரு விரலில்.
அந்த முனையில் என்ன இருக்கிறதென்று
விரலுக்குத் தெரியவில்லை.

அப்போது இழுத்தது.
இழுத்தது என்பது தவறு, நின்றது.
பரிசல் அதைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம் போட்டது.
"மரமா இருக்கும், அறுத்துடலாம்"
என்று நரம்பைப் பல்லுக்குக் கொண்டுபோனான் இம்தியாஸ்.
மாதப்பன் அதைத் தொட்டுப் பார்த்தார்,
இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.
"அறுக்காதீங்க."

சூரைக்குச் செய்த நரம்பு
அன்றைக்குத்தான் வேலை பார்த்தது.
முதலில் பாசி. பிறகும் பாசி.
பாசிக்குள் நீலமாய் ஒரு துண்டு,
ஹவாய் செருப்பை வெட்டிக் கோத்த மிதவை.
அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று,
போன வருஷத்து ஆடிப்பெருக்கில்
தண்ணீரோடு போன அவருடைய வலை.

கண்ணிக்குக் கண்ணி முள்.
செதில் மட்டும் மிஞ்சி ஒரு கட்லா, உள்ளே ஒன்றுமில்லை.
கூலி கேட்காமல்
எடுக்க ஆள் வராது என்று தெரியாமல்
பதினாறு மாதமாய் அவருக்காகப்
பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

உயிரோடு ஒரே ஒரு வாளை.
கத்தியால் கண்ணியை அறுத்து விட்டார்.
அது உடனே போகவில்லை.
பரிசலை ஒட்டி,
இன்னும் மாட்டியிருப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றது.

"என்னடா எடை இருக்கும்?"
ஜோதி என்னைத்தான் கேட்டான்.
நனைந்த வலை, பாசி, முள், பதினாறு மாதம்.
தெரியல என்றேன்.
தொழிலுக்கு வந்தபின் சொல்லாத வார்த்தை.

கரையில் அறுநூறு நீட்டினோம்.
நானூற்றைம்பது எடுத்துக்கொண்டார்.
"வலை இழுத்த நேரம் என் வேலைங்க.
அதுக்கும் உங்ககிட்ட வாங்குனா..."
முடிக்கவில்லை.
அந்தப் பொய் மீனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்,
எதற்கென்று சொல்லவில்லை.

மாத்திரை பஸ்ஸில்தான் வேலை செய்தது.
பென்னாகரம் தெரியாது, இண்டூர் தெரியாது.
கண்டக்டர் தட்டி எழுப்பியபோது
தர்மபுரி ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கியிருந்தார்கள்,
தரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

லீவுதான். இருந்தும் மேடைக்குப் போனேன்.
லாரி இல்லாத நேரம் பார்த்து
பாசி நாறும் கையோடு நடுவில் நின்றேன்.
இருபது இருபதாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
திரையில் அறுபது.
பிறகு எண்பது.
பிறகு அறுபது.